புது ஹேண்டில்பார் போட்டாச்சு, கூடுதல் சுவிட்சுகளை எங்கே வைப்பது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பைக்கின் ஹேண்டில்பாரை மாற்றுகிற பலர் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். பார் வாங்கியாச்சு, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டுகிறதா என்று பார்த்தாச்சு, மாட்டியும் ஆச்சு. ஆனால் பழைய பாரில் இருந்த ஃபாக் லைட் சுவிட்ச், நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்ன வைக்கும் ஹசார்ட் சுவிட்ச், போன் சார்ஜர் சுவிட்ச் ஆகியவற்றுக்குப் புது பாரில் இடம் இல்லை. கடைக்காரர் ஒரு வழி சொல்கிறார், எலக்ட்ரீஷியன் இன்னொன்று சொல்கிறார், யூடியூபில் வேறொன்று காட்டுகிறார்கள்.

இடம் ஏன் போனது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் பார் 22 மி.மீ. குழாய். கடையில் கிடைக்கும் சுவிட்ச் கிளாம்புகளும் பெரும்பாலும் அந்த அளவுக்கே வருகின்றன. 'ஃபேட் பார்' எனப்படும் தடித்த பார் நடுவில் 28.6 மி.மீ. இருக்கும், இரு முனைகளில் மட்டும் 22-க்கு இறங்கும். அந்த முனையில் கிரிப், சுவிட்ச் பாக்ஸ், லீவரைப் பாரில் இறுக்கும் பிடி மூன்றும் உட்கார்ந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. உயரமான பாரில் நீளம் உண்டு. ஆனால் கை எட்டுகிற இடத்திலேயே வளைவு வந்துவிடும், வளைவில் கிளாம்ப் சரியாகப் பிடிக்காது. ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாக மாட்டும் 'கிளிப்-ஆன்' பாரில் குழாயே குட்டை. நேரான தட்டைப் பாரில்தான் ஓரளவு இடம் மிஞ்சும்.

எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே இடம் தேடுவதால்தான் இந்தச் சிக்கல் பெரிதாகிறது என்பது என் கருத்து. ஓட்டும்போது உடனே வேண்டிய சுவிட்ச் வேறு, கிளம்பும்போது ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடும் சுவிட்ச் வேறு. இரண்டையும் பிரித்துவிட்டால் பாரில் இருக்கிற கொஞ்ச இடமே போதும்.

## எதை வைத்து முடிவு செய்வது

கட்டைவிரல் எட்டுமா. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரிகள் திடீரென்று வரிசை கட்டி நிற்கும். விரல்கள் பிரேக்கிலும் கிளட்சிலும் இருக்கும் அந்த நேரத்தில் பின்னால் வருபவருக்கு ஹசார்ட் காட்ட வேண்டும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையிலோ, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வழியிலோ இரவில் வளைவு திரும்பியதும் எதிரே ஒரு வண்டி வந்தால், ஃபாக் லைட்டை அந்த நொடியே அணைத்தாக வேண்டும். எதிரில் வருபவர் கண் கூசித் தடுமாறினால் வந்து விழுவது நம் மேல்தான். உள்ளங்கையைக் கிரிப்பிலிருந்து எடுக்காமல் இந்த இரண்டையும் தொட முடிய வேண்டும். சார்ஜருக்கு இந்த அவசரம் கிடையாது.

முழுத் திருப்பத்தில் வயர் இழுபடுமா. பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பும்போது வயர் இறுகவும் கூடாது, டேங்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் நசுங்கவும் கூடாது. பாரில் வைக்கும் ஒவ்வொரு சுவிட்சும் கழுத்துப் பகுதியில் வளைந்து நிமிரும் வயரை ஒன்று கூட்டுகிறது.

எவ்வளவு மின்சாரம் போகிறது. தலா 40 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் 80 வாட். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6.7 ஆம்ப். இதை ஒரு சின்னப் பொத்தான் வழியாக நேரடியாக விட்டால் உள்ளே இருக்கும் தகடு சூடேறிக் கருகும். ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டால் அந்தச் சுமை பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேரே லைட்டுக்குப் போய்விடும். பார் வரை ஏறுவது ரிலேவின் சுருளை இயக்கும் மெல்லிய வயர் மட்டும், அதில் ஓடுவது ஒரு ஆம்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. கீழே சொல்லும் இடங்கள் எல்லாமே ரிலே இருக்கிறது என்ற கணக்கில்தான். ரிலே இல்லாத ஃபாக் லைட் சுவிட்சை எங்கே வைத்தாலும் ஆபத்துதான்.

தண்ணீரும் தூசும். மழையைவிட நெடுஞ்சாலை ஓரத்து வாட்டர் வாஷ்தான் சுவிட்சுக்குப் பெரிய எதிரி. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போகும். கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் போய்வருபவர்களுக்கு இதோடு கல்தூளும் சேர்ந்துகொள்ளும்.

பழையபடி மாற்ற முடியுமா. வாரண்டி காலம் முடியாத வண்டியா, விற்கும் எண்ணம் உண்டா என்பதைப் பொறுத்து இதன் எடை கூடும், குறையும்.

செலவு. சுவிட்சின் விலை இதில் சின்னப் பங்குதான். வயரிங் கூலியும், ஒரு வருடம் கழித்து வரும் கோளாறும்தான் உண்மையான செலவு.

## கிரிப்பை ஒட்டிய கிளாம்ப் சுவிட்ச்

பாரைச் சுற்றி இறுக்கும் வளையத்தில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று பொத்தான்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. கட்டைவிரலுக்கு இதைவிடப் பக்கமான இடம் வேறில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும், கழற்றினால் தடமே இருக்காது.

சிக்கல் இடம் எடுப்பதில் ஆரம்பிக்கிறது. கிளாம்புக்காக லீவர் பிடியை உள்ளே தள்ளுவார்கள். கொஞ்சம் தள்ளினால் பரவாயில்லை. அதிகம் தள்ளினால் சுண்டுவிரல் பக்கத்தில் லீவரே கிடைக்காது. வலது பக்கம் இன்னும் கவனம் தேவை. கிளாம்ப் ஆக்ஸிலரேட்டர் குழாயை உரசினால், கையை விட்டதும் ஆக்ஸிலரேட்டர் தானாகத் திரும்பி வராது. அதனால் வலது கிரிப்பை ஒட்டி எந்தக் கிளாம்பும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் இடது கட்டைவிரலுக்கு ஏற்கெனவே டிம்-பிரைட், இண்டிகேட்டர், ஹார்ன் என்று வேலை நிறைய. அதோடு மூன்று பொத்தான் கிளாம்பைச் சேர்த்தால் ஹார்ன் அடிக்கப் போய் ஃபாக் லைட்டை அணைப்பது நடக்கும். ஒரே பொத்தான், அதிகபட்சம் இரண்டு. தொட்டாலே ஆனா ஆஃபா என்று தெரிகிற மாதிரி அழுந்தி நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கையுறை போட்டு ஓட்டுபவர்கள் கடையிலேயே கையுறையோடு அழுத்திப் பாருங்கள். சுற்றி நீல வளையம் எரியும் சுவிட்ச் கடையில் பார்க்க நன்றாக இருக்கும், இருட்டுப் பாதையில் கண்ணை உறுத்தும்.

வயர் வெளியே தெரியக் கூடாது என்று பாரில் துளை போட்டு உள்ளே விடச் சொல்பவர்கள் உண்டு. இரும்புப் பாரில், நடு கிளாம்பிலிருந்தும் வளைவிலிருந்தும் தள்ளி, சின்னத் துளையாகப் போட்டு, விளிம்பை வழவழப்பாக்கி, ரப்பர் புஷ் வைத்தால் சமாளிக்கலாம். அலுமினியப் பாரில் வேண்டவே வேண்டாம். விரிசல் துளையிலிருந்துதான் கிளம்பும், பார் உடைவது ஓடும்போதுதான்.

## கண்ணாடித் தண்டில் பிராக்கெட்

கண்ணாடியின் நட்டுக்குக் கீழே ஒரு தகடு, அதில் சுவிட்ச். ஃபேட் பார் போட்டவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் பாரின் தடிமனோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. விலையும் குறைவு, கழற்றுவதும் எளிது.

கட்டைவிரல் கொஞ்சம் மேலே நீள வேண்டியிருக்கும். அது பழகிவிடும். பழகாதது அதிர்வு. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் நட்டு தளர்ந்தால் கண்ணாடியும் சுவிட்சும் சேர்ந்தே ஆடும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, அவ்வப்போது பார்க்க வேண்டும். யமஹா வண்டிகள் பலவற்றில் வலது கண்ணாடிக்கு ரிவர்ஸ் திரெட் வரும், தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் மரை போய்விடும்.

பார் முனையில் மாட்டும் கண்ணாடிக்கு மாறியவர்களுக்குப் பழைய கண்ணாடித் துளை காலியாக இருக்கும். அந்தத் துளையில் போல்ட் போட்டு இறுக்கிய பிராக்கெட் அசையவே அசையாது. அவர்கள் வேறு இடம் தேட வேண்டியதே இல்லை.

## நடுப்பகுதி: ஸ்பீடோமீட்டர் ஓரம், ஃபோர்க்கின் மேல் தட்டு, ஹெட்லைட் கூடு

வயரை ஒளிக்கவும் சேர்க்கவும் நல்ல இடம் இது. புல்லட், கிளாசிக் போன்ற வண்டிகளின் ஹெட்லைட் கூட்டுக்குள் இணைப்புகளை வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் சுவிட்சைத் தொட ஒரு கையை எடுக்க வேண்டும், கண்ணும் சாலையை விட்டு இறங்கும். அதனால் ஹசார்டுக்கும் ஃபாக் லைட்டுக்கும் இது ஏற்றதல்ல. சார்ஜருக்கு ரொம்பப் பொருத்தம்.

கூட்டில் துளை போட்டால் அது அப்படியே நிற்கும். ஸ்பீடோமீட்டர் போல்ட்டிலோ பார் கிளாம்ப் போல்ட்டிலோ ஒரு தகடு கொடுத்து அதில் மாட்டுவது மேல். மேல் நோக்கிய சுவிட்சில் மழைத்தண்ணீர் தேங்கும், கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

## கூடுதல் பொத்தான் உள்ள வேறு சுவிட்ச் பாக்ஸ்

பார்வைக்கு இதுதான் அழகு. கம்பெனியே வைத்தது போல இருக்கும், தனியாக ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்காது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்ததால் ஹெட்லைட் சுவிட்ச் போய்விட்டது. அதற்கு முந்தைய மாடலின் வலது பாக்ஸை வாங்கி மாட்டி, அதிலுள்ள ஹெட்லைட் சுவிட்சை ஃபாக் லைட்டுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். கட்டைவிரலுக்கு எட்டும், மழைக்கும் தாங்கும்.

மறைந்திருக்கும் செலவும் இதில்தான் அதிகம். வயர்களை இணைக்கும் கப்ளர் பொருந்தாது, வயர் நிறங்கள் மாறும். ஒரு வண்டியில் சுவிட்ச் பாசிட்டிவை இணைக்கும், இன்னொன்றில் எர்த்தை இணைக்கும். நிறத்தை மட்டும் நம்பி இணைத்தால் ஃபியூஸ் போவதோடு நிற்காது. வலது பாக்ஸில் ஸ்டார்ட்டரும் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சும் இருக்கின்றன. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புதிய வண்டிகளில் அந்த வயர்களை வெட்டி ஒட்டினால், ஒரு தளர்ந்த இணைப்பு போதும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். எங்கே தளர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் கூலி சுவிட்சின் விலையைத் தாண்டிவிடும். வாரண்டி உள்ள வண்டியில் ஒரிஜினல் வயரிங்கை வெட்டியிருந்தால் மின்சாரக் கோளாறுக்கு கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு உண்டு. இடது பாக்ஸ் என்றால் இந்த ஆபத்து குறைவு.

புது பார் போட்ட எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே வருகிறது. பல சுவிட்ச் பாக்ஸ்களின் உள்பக்கம் ஒரு சின்ன முளை இருக்கும். கம்பெனி பாரில் அதற்கென ஒரு துளை உண்டு. பாக்ஸ் சுற்றிவிடாமல் பிடிப்பது அதுதான். வெளியில் வாங்கும் பாரில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது. அவசரத்தில் முளையை அரத்தால் ராவிவிட்டு மாட்டுவார்கள். ஆக்ஸிலரேட்டர் பக்கத்துப் பாக்ஸ் அப்படிச் சுற்ற ஆரம்பித்தால் கேபிளும் சேர்ந்து இழுபடும். முளையைத் தொடாமல், பாக்ஸை வேண்டிய கோணத்தில் வைத்துக் குறித்து, பாரில் முளைக்கு மட்டும் அளவாகத் துளை போடச் சொல்லுங்கள். அலுமினியப் பாராக இருந்தால், துளை போடலாமா என்று பார் தயாரித்தவர் கொடுத்த குறிப்பைப் பார்த்த பிறகு.

எனவே எட்டு, பத்து வருடம் ஓடிய, எளிய வயரிங் உள்ள வண்டிக்கு இது சரி. வயரிங் படத்தைப் பார்த்து வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் மட்டும்.

## உடம்பில்: சைடு கவர், டேங்க் அடி, சீட்டுக்கு முன்னால்

பார் திரும்பும்போது திரும்பாத இடம், அதனால் வயர் வளையாது, தேயாது, நீளமும் குறைவு. பேட்டரியும் பக்கத்திலேயே. ஆயுளை மட்டும் பார்த்தால் இதை வெல்ல எதுவும் இல்லை. ஓடும்போது தொட முடியாது என்பதால் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் சார்ஜரும், கூடுதல் உபகரணங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும் மெயின் சுவிட்சும் இங்கே இருப்பதுதான் ஒழுங்கு. வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால், பார் சுவிட்சில் யார் விரல் வைத்தாலும் லைட் எரியாது, பேட்டரியும் தீராது.

முழங்கால் இடிக்காத இடமாகப் பாருங்கள். சேறும் கல்தூளும் கீழிருந்துதான் தெறிக்கும், ரப்பர் மூடி உள்ள சுவிட்ச் அவசியம்.

## வயர் இல்லாத ரிமோட் பொத்தான்

பாரில் பட்டையால் கட்டும் பொத்தான், வண்டிக்குள் ஒரு ரிசீவர். கிளிப்-ஆன் போட்டு வயருக்கு வழியே இல்லாதவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. பொத்தானுக்குள் வட்ட பேட்டரி இருக்கும், அது ஒருநாள் சொல்லாமல் தீரும். ரிசீவர் எப்போதும் விழித்திருப்பதால், நாள்கணக்கில் நிறுத்தும் வண்டியில் மெயின் சுவிட்ச் இல்லாமல் இதைப் போடக் கூடாது. இது கெட்டுப் போனால் பக்கத்துக் கடையில் பழுது பார்ப்பதும் கடினம், பெரும்பாலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கோ ஆன்லைனுக்கோதான் போக வேண்டும். ஹார்னுக்கும் ஹசார்டுக்கும் இதை நம்ப மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| இடம் | ஓடும்போது எட்டுமா | வயர் தேய்மானம் | பழையபடி மாற்ற | மொத்தச் செலவு | எதற்கு |
|---|---|---|---|---|---|
| கிரிப் ஓரக் கிளாம்ப் | நன்றாக | அதிகம் | எளிது | குறைவு | ஃபாக் லைட், ஹசார்ட் |
| கண்ணாடிப் பிராக்கெட் | எட்டும் | அதிகம் | எளிது | குறைவு | ஃபேட் பார், முனைக் கண்ணாடி வண்டிகள் |
| நடுப்பகுதி | கை எடுக்கணும் | நடுத்தரம் | துளை இல்லாவிட்டால் எளிது | நடுத்தரம் | சார்ஜர் |
| வேறு சுவிட்ச் பாக்ஸ் | மிக நன்றாக | நடுத்தரம் | கடினம் | அதிகம் | பழைய, எளிய வயரிங் வண்டிகள் |
| உடம்பு | எட்டாது | மிகக் குறைவு | எளிது | குறைவு | மெயின் சுவிட்ச், சார்ஜர் |
| ரிமோட் | நன்றாக | பாரில் இல்லை | எளிது | நடுத்தரம் | கிளிப்-ஆன், அவசரமற்ற லைட் |

## யாருக்கு எது

ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து மார்கழிப் பனியில் சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகத் தினமும் வீடு திரும்புகிறவர் என்றால் ஃபாக் லைட்டுக்கு இடது கிளாம்பில் ஒரே பொத்தான், சைடு கவரில் மெயின் சுவிட்ச். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உயரமான பாரும் இதே கணக்குதான். வளைவு தொடங்குமுன் ஒரு விரற்கடை நேர்க்குழாய் கிடைத்தாலும் ஒற்றைப் பொத்தான் உட்கார்ந்துவிடும், கிடைக்காவிட்டால் கண்ணாடிப் பிராக்கெட்.

ஃபேட் பார் போட்டு வத்தல்மலை, அஞ்செட்டி என்று மலைப்பாதை சுற்றுகிறவர்களுக்குக் கண்ணாடிப் பிராக்கெட்தான் முதல் தேர்வு. ஃபாக் லைட், ஹசார்ட் இரண்டையும் அதில் வைத்துவிட்டு, சார்ஜரை நடுவுக்கு இறக்கிவிடுங்கள். கிளிப்-ஆன் வண்டியில் முனைக் கண்ணாடி போட்டு, லீவர் பிடியில் கண்ணாடித் துளையும் இருந்தால் அந்தக் காலித் துளை. இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் ரிமோட்.

வாரண்டி உள்ள புது வண்டிக்காரர்கள் சுவிட்ச் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

## கடையில் என்ன சொல்லி வேலை வாங்குவது

எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஒரிஜினல் வயரை வெட்ட வேண்டாம், ரிலேவும் ஃபியூஸும் கட்டாயம் வேணும், ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்." 80 வாட் லைட்டுக்கு 10 ஆம்ப் ஃபியூஸ் போதும். ரிலேவின் சுருளுக்கு பாசிட்டிவ் இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் வரும்படி, தனியாக ஒரு சின்ன ஃபியூஸோடு கொடுத்து, பார் சுவிட்ச் வழியாக எர்த்தை இணைக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் பாருக்குப் போகும் வயர் தேய்ந்து பிரேமில் பட்டால்கூட லைட் தானாக எரியுமே தவிர ஷார்ட் ஆகாது. கழுத்துப் பகுதியில் வயருக்கு ஸ்லீவ் போட்டு, கேபிள்கள் போகும் வழியிலேயே கூட்டிக்கொண்டு போவது நல்லது. வெறும் டேப் நம் ஊர் வெயிலில் இளகி ஒட்டும்.

கேட்க வேண்டாத சில வேலைகளும் உண்டு. எப்போதும் எரிய வேண்டிய ஹெட்லைட்டை அணைக்கத் தனிச் சுவிட்ச் வேண்டாம். பல ராகத்தில் ஒலிக்கும் ஹார்னுக்கு விதிகளில் அனுமதி இல்லை, அதற்கும் சுவிட்ச் இடம் தேட வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சுவிட்சை இடம் மாற்றுவது சின்ன விஷயம்தான் என்றாலும் கழற்றிய ஒரிஜினல் பாரையும் பாக்ஸையும் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு, பாரை மெதுவாக ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்குத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. லைட் மினுங்கினாலோ ஹார்ன் தானாக அடித்தாலோ எங்கோ வயர் இறுகுகிறது. பிரேக்கையும் கிளட்சையும் இரண்டு கடைசியிலும் பிடித்துப் பாருங்கள், இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்தாலும் அங்கேயே பிரித்துச் சரி செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் கிளாம்ப், பிராக்கெட் திருகுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள், புதிதாக மாட்டியவை முதல் வாரத்தில்தான் அதிகம் தளரும்.